மூன்று பிள்ளைகளின் தாய்

அம்மாவை அடக்கம் செய்த மறு வாரம் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். முன்பக்கம் மலாய், பின்பக்கம் ஆங்கிலம். தோட்டத்தின் புதிய பகுதியில் நினைவுக்கல் எப்படி இருக்க வேண்டும் என்கிற விதிகள். கல் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், அதற்கு மேல் கூடாது. சிலுவையைக் கல்லுக்குள் செதுக்கலாம், தூக்கி நிறுத்தக்கூடாது. சுற்றிலும் சிமெண்டுக் கட்டை கிடையாது. புல் வெட்டும் இயந்திரம் தடையில்லாமல் மேலே ஏறிப் போக வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதிகள் எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை. கிள்ளானில் அதே தோட்டத்தின் பழைய பகுதியில் அப்பாவின் கல்லறை மார்பளவு சிலுவையோடு நிற்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. படுத்த கல் சாயாது. ஒழுங்காக மட்டம் பார்த்துப் பதித்தால் நமக்குப் பிறகும் அப்படியே கிடக்கும்.

என்னைச் சிக்கலில் விட்டது ஒன்பதாவது விதி. அந்தக் குழியில் அடக்கம் செய்யப்பட்டவரின் பெயரைத் தவிர வேறு யாருடைய பெயரும் கல்லில் வரக்கூடாது.

அம்மா எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தாய் இல்லை. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா வேலை பார்த்த காலத்தில், அக்காவோடு இரட்டையாக ஒரு ஆண் குழந்தையும் பிறந்தது. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு பெயர்களும் ஒரே தேதியில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. நானே போய்ப் பார்த்து எழுதி வந்திருக்கிறேன். மூன்று மாதத்தில் பையன் இறந்துபோனான். தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். நான் பிறந்தது நான்கு வருடம் கழித்து. அதற்குள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார்கள். தோட்டம் விற்கப்பட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்த இடுகாட்டைத் தேடிப் போனேன். என் கணக்குப்படி அது இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் லோரிகள் வரிசையாக நின்றன. காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அம்மா மெழுகுவத்திகளை எண்ணித்தான் எடுத்து வருவார். அப்பாவுக்கு, தாத்தா பாட்டிக்கு, கடைசியாக ஒன்று தனியாக. அதைக் கல்லறை மேல் வைக்க மாட்டார். பக்கத்தில் வெறும் மண்ணைக் கையால் தட்டிச் சமமாக்கி, அதில் நட்டு வைப்பார். ஒவ்வொரு வருடமும் அதை ஏற்றுவது அக்காதான். என் நாட்குறிப்புகளில் அந்த நவம்பர் இரண்டாம் தேதிகளுக்கு நேரே, மழை, கூட்டம், பூசை முடிந்த நேரம் இவற்றோடு, ‘தம்பிக்கு அக்கா ஏற்றினாள்’ என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அண்ணன் என்றாலும் அவளுக்குத் தம்பி; அவளைவிடச் சில நிமிடங்கள் பிந்திப் பிறந்தவன் என்று அம்மா சொல்லியிருந்தார்.

இறப்பதற்கு முந்தைய கல்லறைத் திருநாளில், காரில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்தார். அக்கா தண்ணீர் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள்.

“எனக்குக் கல்லு வைக்கிறப்ப அவனையும் சேத்துரு. அவனுக்குன்னு ஒரு எடமும் இல்ல.”

சரிம்மா என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் சொன்னபடியே எழுதி வைத்தேன்.

ஆகவே ஒன்பதாவது விதியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது. பெயர் போடக்கூடாது என்றுதானே விதி? ‘மூன்று பிள்ளைகளின் தாய்’ என்று போட்டால் அது அம்மாவைப் பற்றிய செய்தி, யாருடைய பெயரும் அதில் இல்லை. பார்க்கிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் எண்ணுவார்கள், மூன்றாவது யார் என்று கேட்பார்கள், நாங்கள் சொல்லுவோம். அலுவலகத்தில் இருந்த தமிழ்ப் பெண் என் விண்ணப்பத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தாள். பெயர்தான் இல்லையே அங்கிள், அப்ப சரி லா என்று முத்திரை குத்தினாள்.

விண்ணப்பத்தில் குழிக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா இறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இறப்புப் பத்திரங்களுக்காக நின்றுகொண்டிருந்ததால், குழி அக்கா பெயரில் பதிவாகியிருந்தது. கிள்ளானில் அவள் வீட்டுக்குத் தாளை எடுத்துப் போனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நான்கு வரிதான்: பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அதன் கீழே அந்த வரி. நான்காவது வரியில் அவள் விரல் நின்றது. அம்மா கேட்டதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். “நல்லாதான் யோசிச்சிருக்க,” என்றாள். கையெழுத்துப் போட்டாள். தொடர்புக்கு அவளுடைய போன் நம்பரை எழுதினாள். தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவள் அழவில்லை. அதையும் அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன், அவளுடைய மன உறுதியைப் பாராட்டுகிற மாதிரி.

கல் வெட்டுகிறவர் ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்தார். வயதான சீனர். பளபளப்பான கறுப்பைக் காட்டினார். வேண்டாம் என்றேன், மழையில் அதன்மேல் கால் வைத்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். சாம்பல் நிறக் கருங்கல், மேல்பக்கம் பாதி மெருகு போதும் என்று முடிவு செய்தோம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகையால் எழுத்துகளைக் கல்லின் அளவுக்கே அச்சடித்துக் கொடுத்தேன். அதை ரப்பர் தாளில் ஒட்டி, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மணலை வேகமாகப் பீய்ச்சுவார். திறந்த இடம் குழியும். எனக்கு இது கோலம் மாதிரி, கோடு தப்பாமல் போட்டுவிடுவேன் என்று மலாயில் சொன்னார். பதிக்கும் நாளை மட்டும் கல்லறை அலுவலகமும் குழிக்கு உரியவரும் பேசி முடிவு செய்வார்கள், நான் அக்காவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா போன் செய்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணி என்றாள். திரும்பவும் கேட்டேன், வியாழன்தானா? வியாழன்தான் தம்பி.

அந்த வியாழக்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டேன். ரசமட்டம், அளவு நாடா, ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் பையில் இருந்தன. கல்லை முழு மட்டமாக வைக்கக்கூடாது, தலைப்பக்கம் ஒரு நூல் அளவு உயர வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் எழுத்தில் தேங்காமல் வழியும். இதைச் சொல்லத்தான் போனேன்.

கல் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்தது. ஓரத்துச் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்து வரிசையில் புல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார், செவ்வாய்க்கிழமை வந்தார்கள், ஒரு அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து படித்தேன். படுத்த கல்லை நின்றபடி படிக்க முடியாது. நான்காவது வரி: ‘இரண்டு பிள்ளைகளின் தாய்’.

கல் வெட்டுகிறவர் தப்புச் செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நேரே ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய், அவர் கடை வாசலிலேயே குரலை உயர்த்தினேன். ஒரு சொல்லைக் கவனிக்க முடியாதா, என் தாயின் கல் அது என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினார். அக்காவின் நம்பர். நான் தேர்ந்தெடுத்த அதே எழுத்துருவில், அதே அளவில், திருத்திய படம். கீழே மலாயில், ‘பழையதை விட்டுவிடுங்கள், இதை வெட்டுங்கள்’ என்று இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டு மூன்றாம் நாள் அனுப்பியது.

“பாஸ், எனக்குப் படிக்கத் தெரியாது,” என்றார். “தெரியாதவன் எப்படி மாத்துவேன்?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்கு அந்த வரிகூட அவ்வளவாக உறுத்தவில்லை. வியாழன் என்ற சொல்தான் உறுத்தியது. நான் தேதிகளைக் காப்பாற்றுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். வியாழன் என்றால் வியாழன்தான் வருவேன், ஒரு நாள் முன்னால் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றும் தெரியும். என்னை அறிந்தவளால் மட்டுமே அப்படி ஏமாற்ற முடியும்.

அக்கா வாசல் கேட்டைத் திறந்தவுடன் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்தாள். உள்ளே வா என்றாள். நான் நின்றுகொண்டே, எப்போது என்னிடம் சொல்வதாக இருந்தாய் என்று கேட்டேன்.

“நீ குனிஞ்சு பாப்பன்னு தெரியும்,” என்றாள். “நான் எதுக்குச் சொல்லணும்?”

அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். கொடுத்தது நீதானே, நான் இல்லையே என்றாள். பிறகு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசினாள். தோட்டத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்ததாம். கூடப் பிறந்தவனை முழுங்கினவள். அவன் பாலையும் சேர்த்து இவள்தான் குடித்துவிட்டாள் என்று லயத்து வீடுகளில் இருந்த பெண்கள் சொல்வார்களாம். தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், சிரித்துக்கொண்டே கன்னத்தைக் கிள்ளிச் சொல்வார்களாம். நான்கு வயதுவரை அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அதெல்லாம் தோட்டத்தோடு போயிருக்கும் என்றேன்.

“அம்மா ஒரு தடவகூட இல்லன்னு சொன்னதில்ல, தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தப்பறமும் சொல்லல. வருஷா வருஷம் அந்த மெழுகுவத்திய எங்கையிலதான் குடுத்தாங்க. நீ ஏத்துன்னு. உங்கிட்ட ஒரு தடவ குடுத்திருக்காங்களா?”

இல்லை. என் நாட்குறிப்புகளே அதற்குச் சாட்சி.

“இப்ப கல்லுலயும் போட்டா, பாக்கறவங்க எல்லாம் மூணாவது யாருன்னு எங்கிட்டதானே வந்து கேப்பாங்க.”

இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை, ஏன் நல்லாதான் யோசிச்சிருக்க என்று கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்னா எழுதி வச்சுப்ப.”

அவள் பட்டது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அம்மா கடைசியாக என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நான் பிறக்கும் முன்பே நடந்து முடிந்துபோன ஒரு கணக்கில் என்னையும் என் வாக்கையும் வைத்து ஆடியிருக்கிறார்கள் என்று பட்டது. இறந்தவரும் சரி, இருப்பவளும் சரி. அக்காவுக்குத் தெரியாமல், அவள் வாளி கொடுக்கப் போன நேரம் பார்த்து அம்மா ஏன் என் கையைப் பிடித்தார் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

கல்லை மாற்ற ஒரு படிவம் இருக்கிறது. மறு வாரம் வாங்கி, எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்துக்கு இடம் விட்டு அக்காவிடம் கொண்டு போனேன். அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் போட மாட்டேன், அப்புறம் உன் இஷ்டம் என்றாள். தேநீர் வைக்கட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முதல் தடவையாகத் தனியாகப் போனேன். புதிய பகுதியில் மெழுகுவத்தியைக் கல்லின்மேலோ புல்லிலோ வைக்கக்கூடாது. வரிசை முடிவில் மணல் நிரப்பிய இரும்புத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அதில்தான் ஏற்ற வேண்டும். அக்கா எனக்கு முன்பே வந்து போயிருந்தாள். கல்லின் ஓரத்தில் படர்ந்த புல் கத்தரித்து விடப்பட்டிருந்தது. மழைத் துளி ஒன்றுகூட எழுத்தில் தேங்கவில்லை. பை எடுத்து வராததால் ரசமட்டம் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் கண்ணளவில் பார்த்தாலே தெரிந்தது, தலைப்பக்கம் ஒரு நூல் உயர்ந்துதான் இருந்தது. நான் சொல்ல நினைத்ததை அவளே பார்த்துச் செய்ய வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு ஏற்றினேன். பழைய பகுதிக்கு நடந்து அப்பாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் ஏற்றினேன். கையில் ஒன்று மிஞ்சியது. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அம்மா தட்டிச் சமமாக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்தேன். எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவனுக்காக ஒரு தீக்குச்சியை நான் கிழித்தது அன்றுதான். காற்றில் இரண்டு தடவை அணைந்து, மூன்றாவதில் பிடித்தது.

படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். அவளுக்கு முன்னால் நான் போய்விட்டால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. அந்த வரியை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட இப்போதெல்லாம் சில நாள் தோன்றுகிறது. வியாழக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.