ஒட்டுத் தெரியாமல் ஒட்டிய டெல்பர்ட்

டெல்பர்ட் குரூபர் தரை போடுகிறவன். அடுப்படிக்கு லினோலியம் விரிப்பு ஒட்டுவதுதான் தொழில். எங்கள் ஊர் லங்காஸ்டரில் பாதி வீடுகளில் அவன் முழங்கால் தேய்ந்திருக்கிறது. 1976இல் எங்கள் கம்பெனிக்குள் வந்ததும் அதற்காகத்தான். சாப்பாட்டுக்கூடத்துத் தரை பெயர்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் தடுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. நான் ஐலா பர்டி, அங்கே சாமான் கிடங்குக்காரி. திருகாணி முதல் பசை வரை என் கையைத் தாண்டித்தான் எதுவும் உள்ளே போகும். கம்பெனி பெயரை இப்போதும் சொல்ல மாட்டேன். பழக்கதோஷம்.

பக்கத்துக் கொட்டகையில் ராடாருக்குத் தெரியாத விமானம் ஒன்றைப் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ராடார் அலையை விழுங்குகிற கருப்பு ஷீட்டை உடம்பு முழுக்க ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள். ஆனால் ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடமெல்லாம் ராடாரில் பளிச்சென்று தெரிந்து மானத்தை வாங்கியது. தலைமை இன்ஜினியர் எவரெட் லாங்ஸ்டாஃப் நாலு மாதமாக மனைவி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் மதியம் சாண்ட்விச்சும் கையுமாக வந்தவர், புதுத் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, இதுல ஒட்டு எங்க இருக்கு?"

"உங்க ஷூவுக்கு அடியில சார்."

"தெரியலையே!"

"தெரிஞ்சா எனக்கு எதுக்கு சார் கூலி?"

வித்தை ஒன்றுமில்லை. இரண்டு விரிப்பின் ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று, இரண்டையும் உருவி எறிந்தால் மிச்சம் கச்சிதமாகப் பொருந்திவிடும். தரை போடுகிற எவனுக்கும் தெரிந்த வேலைதான். மெத்தப் படித்த முப்பது பேருக்குத் தெரியவில்லை.

மறுநாளே அவனைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டார்கள். வலது கையைத் தூக்கச் சொல்லி, உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். பதிவேட்டில் மட்டும் 'தரை போடுபவர்' என்றே விட்டுவிட்டார்கள். "வெளியாள் எவனாவது புரட்டினா சந்தேகம் வராது. உன் நல்லதுக்குத்தான்" என்று எவரெட் தோளில் கை போட்டுச் சொன்னார். "ரொம்ப நல்லது சார், நோரீன் கேட்டா பொய் சொல்ல வேண்டியதில்ல" என்றான் இவன். நோரீன் அவன் மனைவி. அவன் கடைசிவரை அவளிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த சோதனையில் ஒரு ஒட்டுகூட ராடாரில் தெரியவில்லை. எவரெட் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விழா நடந்தது. பதக்கம் எவரெட்டுக்கு. டெல்பர்ட்டுக்குக் கை குலுக்கல்.

"டேய், உன் பதக்கம் எங்கடா?" என்றேன்.

"அது ரொம்ப ரகசியம், ஐலா. அதான் எனக்கே காட்டல" என்று சிரித்தான் பாவி.

மூன்று வருடம் கருப்பு ஷீட்டை ஒட்டுகிற பசையோடு கிடந்தான். பச்சை நிறம், அழுகிய பேரிக்காய் வாடை. டிரம்மில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. சுரண்டியது நான்தான். அதனால் பசையின் பெயர் எனக்குத் தெரியும், அதைப் பூசுகிறவனுக்குத் தெரியாது. அவன் கைத்தோல் பாளம் பாளமாக வெடித்தது. பிறகு இருமல் பிடித்தது. பத்துப் படி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றான்.

ஊர் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "எதைத் தொட்டீங்க? பேரைச் சொன்னா சரியான மருந்து குடுக்கலாம். இல்லன்னா குருட்டாம்போக்குதான்" என்று சொல்லிவிட்டார்.

வேறு எவனாயிருந்தாலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பான். இவன் நேர்மையில் ஊறின ஜென்மமாயிற்றே! பசையின் பெயரைத் தெரிந்துகொண்டு டாக்டருக்குச் சொல்ல அனுமதி வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினான். அவர் குழம்பக் கூடாது என்று பசையின் நிறம், வாடை, எந்தக் கொட்டகை, விமானத்தில் எந்த இடம் என்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதி, தபால்தலை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டான்.

அங்கேதான் மாட்டினான். கொட்டகை விஷயம் ஒரு வரி என்றாலும் சிவப்பு உறையில், கைக்குக் கைதான் போக வேண்டும். சாதாரணத் தபாலில் போட்டால் ரகசியத்தை வெளியே விட்ட குற்றம். அனுமதி கேட்டதே குற்றமாகிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எவரெட்டைக் கேட்டார்கள்.

"இவரா? சாப்பாட்டுக்கூடத்துக்குத் தரை போட்டவர். எங்க கொட்டகைக்குள்ள வேலை பார்த்ததே இல்ல. எட்டிக்கிட்டிப் பார்த்திருக்கலாம்."

கண் இமைக்காமல் சொன்னார், மனிதன்! பதிவேட்டைப் புரட்டினார்கள். 'தரை போடுபவர்'. அங்கே வேலையே பார்க்காதவனுக்கு அந்தப் பசையால் எப்படி நோய் வரும்? யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. டெல்பர்ட் வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது.

அப்புறம் என்னைக் கேட்டார்கள். "டிரம் பசையை இவர் கையில குடுத்திருக்கீங்களா, ஐலா?"

வாரத்துக்கு இரண்டு டிரம், மூன்று வருடம், அவன் கையில்தான் கொடுத்தேன். எனக்குப் பென்ஷன் வர இன்னும் ஆறு வருடம் இருந்தது.

"லினோலியம் பசைதான் குடுத்தேன்" என்றேன்.

எவரெட்டை மனசுக்குள் அவ்வளவு திட்டினேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? த்தூ!

வாயிற்காவலன் டெல்பர்ட்டின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். மணலை வாரி இறைக்கிற காற்று. சாப்பாட்டுப் பையைக் கிழித்துப் பசையின் பெயரை எழுதி வைத்திருந்தேன்.

"டெல்பர்ட், நில்லுடா. இந்தா, பேரு. நேரா டாக்டர்கிட்ட குடு."

அவன் சீட்டைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"உள்ள உன்னைக் கேட்டாங்கள்ல, ஐலா?"

"என் நிலைமை உனக்கே தெரியும்டா…"

"அங்க நீ சொல்லியிருந்தா நான் பொய்யன் இல்லன்னு ஆகியிருக்கும். இதை இங்க வாங்கினா நான் திருடன். கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணவன் நான். வேண்டாம், வை."

வண்டியில் ஏறி, இருமி முடித்து, மூச்சு வந்த பிறகுதான் கிளப்பினான்.

அதற்கப்புறம் பதினாலு மாதம் மூச்சுக்குத் திண்டாடித்தான் செத்தான். அந்த டாக்டரின் கிளினிக் என் வீட்டிலிருந்து நாலு தெரு. சீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சத்தியத்தை மீறினவள் நானாகத்தான் இருந்திருப்பேன், அவன் இல்லை. பதினாலு மாதமும் தினம் காலையில் அந்தக் கிளினிக் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.