பன்னிரண்டு பெட்டிகளை ஏற்றிய வரிசை

1. சனிக்கிழமை காலை அக்கா தொலைபேசியில் அழைத்தார்.
2. அன்று மாலை ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து பன்னிரண்டு பெட்டி டயாலிசிஸ் திரவத்தை எடுத்து வந்தேன்.
3. ஞாயிறு காலை கோவில் மண்டபத்தில் அவற்றை நிவாரண லோரியில் ஏற்றினோம். எதை எங்கே வைப்பது என்ற திட்டம் என்னுடையது.
4. ஞாயிறு பிற்பகல் கிரிக் ஊரைத் தாண்டியதும் மலைச்சாலையில் லோரி நின்றுவிட்டது. மண் சரிந்திருந்தது.
5. அந்த வழியாகப் போன ஓர் இராணுவ லோரி கொஞ்சம் சாமான்களை ஏற்றிக்கொண்டது. பெட்டிகள் அதில் போகவில்லை.
6. புதன்கிழமை பெட்டிகள் போய்ச் சேர்ந்தன.
7. செவ்வாய்க்கிழமை அக்காவின் கணவர் இறந்தார்.

ஏழாவது ஆறாவதற்கு முன்னால் வர வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் அது கடைசியில்தான் வந்து நிற்கிறது.

அக்கா உறவு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். குளிர்பெட்டியில் எது யாருடையது, எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று நான் சீட்டு ஒட்டுவேன். "கட்டிக்கப் போறவன் நெத்தியிலயும் ஒட்டுவே பாரு" என்பார். பிறகு அவருக்குக் கல்யாணமாகி, கிழக்குக் கரையில் ஆற்றோரமாக ஒரு சிறிய ஊருக்குப் போனார். கணவர் அங்கே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மாமாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுப்பார். ஒரு நாளைக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம், பட்டறையும் நடக்கும். மாதத்துக்குத் தேவையான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஒரு அறை நிறையப் பெட்டிகள். மழைக்காலத்தில் ஆறு உள்ளே வந்தபோது அந்த அறைதான் முதலில் மூழ்கியது.

அக்காவையும் மாமாவையும் படகில் ஏற்றி மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

"கையில புடிச்ச அளவுக்கு ஆறு பை தூக்கிட்டு வந்தோம்மா," என்றார் அக்கா தொலைபேசியில். "ஒரு நாளைக்கு ரெண்டுதான்னு இழுத்து இழுத்துப் போட்டாரு. நேத்தோட முடிஞ்சிச்சி."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக படகு வராதாக்கா?"

"லிஸ்ட்டுல மூணாவதா இருக்காரு. முன்னால ஒரு நிறைமாசக்காரி, ஒரு வயசானவரு. தண்ணி போற வேகத்துல போட்டே வர மாட்டேங்குது. இங்க சாப்பாடு பூரா மேகியும் சார்டினும். எல்லாம் உப்பு. தாகம்னு கேக்குறாரு, தண்ணி குடுக்கவும் பயமா இருக்கு."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "அவகிட்ட சொல்லு, லேபல் ஒட்டி அனுப்பச் சொல்லு. இல்லன்னா எவனாவது சிராப்பு சர்பத்துன்னு கலக்கிக் குடிச்சிருவான்."

அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

இங்கே மருத்துவமனையில் கேட்டேன். அவருடைய மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவருடைய மருத்துவமனையிலோ யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை, அங்கேயும் தண்ணீர். கோவில் மண்டபத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெண் பதில் போட்டார். அவருடைய அப்பாவும் இதே சிகிச்சையில் இருந்து மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்தவர். மிச்சம் இருந்த பெட்டிகள் அப்படியே கிடந்தன.

"எடுங்க லா. அந்த ரூமுக்குள்ள நடக்கவே இடமில்ல."

மூன்று விஷயங்களைச் சரிபார்த்தேன். குழாயில் மாட்டும் முனை மாமாவுடையதோடு பொருந்துகிறதா, திரவத்தின் வீரியம் சரியா, காலாவதி ஆகவில்லையா. அக்கா காலிப் பையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூன்றும் சரியாக இருந்தன. அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

என் காரிலேயே கொண்டு போகலாமா என்று யோசித்தேன். மண்டபத்து லோரியை ஓட்டும் அண்ணன் சிரித்தார். "ஒங்க கெரேத்தா அந்த மலையேறுனா நான் மீசைய எடுத்துர்றேன். என்கிட்ட குடுங்க தங்கச்சி. நான் சேத்துடுறேன்."

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவில் பொறியாளர். கொள்கலனில் எதை எங்கே வைப்பது என்று தினமும் வரைகிறேன். கனமானது முதலில், உள்ளே, தரையோடு. லேசானது கடைசியில், கதவருகில். மலைச்சாலை வளைவில் பாரம் ஆடாது, கீழே இருப்பதும் நசுங்காது. எனவே ஞாயிறு காலை முதலில் ஏறியவை அந்தப் பன்னிரண்டு பெட்டிகள்தான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இரும்புச் சுவரோடு ஒட்டி. அவற்றுக்குமேல் அரிசி மூட்டைகள், பிறகு தண்ணீர்ப் போத்தல்கள், துணி மூட்டைகள். ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தேன். நான்கு பக்கமும்.

மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. லோரி புறப்படுவதற்கு முன் பின்கதவைத் திறந்து வைத்து, பேனரைக் கட்டி, சாமான் கொடுத்தவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பழைய துணி மூட்டை படத்தில் தெரிந்தால் அசிங்கம்.

"புது மெத்தைய பின்னால வைங்கம்மா," என்றார் மண்டபத் தலைவர். "பிஸ்கட் பெட்டியையும். பாக்க நல்லா இருக்கும்."

நான் உடனே தலையாட்டினேன். மெத்தையும் பிஸ்கட்டும் லேசானவை, என் விதிப்படியும் அவை கதவருகில்தான் வர வேண்டும். அவருடைய வழக்கமும் என் படிப்பும் ஒரே இடத்தைக் காட்டின, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படத்தில் நானும் நிற்கிறேன், கையில் பட்டியல்.

பிற்பகலில் அண்ணன் அழைத்தார். மழைச் சத்தத்தில் கத்தித்தான் பேசினார்.

"ரோட்டு தூத்துப், மூடிட்டாங்க தங்கச்சி. மலை எறங்கிருச்சி. சோல்ஜர் லோரி ஒன்னு பழைய காட்டுப் பாதையில அந்த ஸ்கூல் பக்கம் போவுது. கொஞ்சம் எடம் இருக்காம். பத்து நிமிசம்தான் நிப்பாங்களாம். ஒங்க பெட்டி எங்க?"

"முன்னால, அண்ணே. ஒங்க சீட்டுக்குப் பின்னால. அடியில."

அவர் லோரியின் பின்பக்கம் ஓடும் சத்தம் கேட்டது.

"அடியிலயா? அடப்பாவி. அதுக்கு லோரியவே காலி பண்ணணுமே லா."

கதவு இரும்புச் சத்தத்தோடு திறந்தது. யாரோ மலாயில் அவசரப்படுத்தினார்கள். தொலைபேசியை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கைக்கு வந்ததைத்தான் சிப்பாய்கள் தூக்கினார்கள்: மெத்தை, பிஸ்கட், துணி. அண்ணன் அரிசி மூட்டைகள் வரை போனார். அதற்குள் இராணுவ லோரி புறப்படும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வரிசைதான் பாக்கி இருந்திச்சி தங்கச்சி," என்றார். "செவப்பு லேபல் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி."

அவர் திரும்பி இறங்கி, தெற்கே சுற்றிக்கொண்டு வேறு சாலையில் போனார். தண்ணீர் வடியும்வரை வழியில் இரண்டு இடங்களில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஆள், தூங்கியிருக்க மாட்டார். செவ்வாய் காலை பள்ளிக்கூடத்துக்குப் படகு வந்தது. மாமாவை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது என்று அக்காவின் தம்பி எனக்குச் செய்தி அனுப்பினார். அது வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு ஏற்றுமதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரப்பி முடித்தேன்.

புதன்கிழமை அண்ணன் பள்ளிக்கூடத்தில் பெட்டிகளை இறக்கினார். வாங்கிக்கொள்ள ஆளில்லை. அடுத்த நாள் யாரோ அனுப்பிய படத்தில் ஒரு தாய் அவற்றின்மேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மெத்தைகள் நல்ல நேரத்தில் வந்தன என்று அங்கிருந்து மண்டபத்துக்கு நன்றிக் கடிதமும் வந்தது. தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. குழந்தைகள் ஈரத் தரையில்தான் படுத்திருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு அக்கா புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"லோரிக்காரர் போன் பண்ணி அழுதாரு," என்றார். "எல்லாம் உள்ளார மாட்டிக்கிச்சின்னு சொன்னாரு. நீதானே அடுக்குனே?"

"ஆமாக்கா."

"ம்."

அடுத்த துணியை எடுத்தார். நான் தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டால் 'பரவால்லமா' என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும். அதை அவர் வாயிலிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மண்டபத்துச் சாமான் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: எது ஒரு நாள்கூடப் பொறுக்காது, அது கதவருகில். நல்ல யோசனை, கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். இரண்டு கூட்டங்கள் நடந்துவிட்டன. இந்த வருட மழைக்கு முதல் லோரி போன ஞாயிறு புறப்பட்டது. கட்டம் இல்லை, பேனர் இருந்தது. அடுக்கித் தரச் சொல்லி எனக்கும் செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை. அக்காவும் நானும் பேசிக்கொள்வதில்லை.