கக்கூசுக்குப் போகும் பாதை

இரண்டு மாதம் கழித்து நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டி வந்தபோது, அவளுடைய இடது கால் துவண்டுதான் இருந்தது. பதினொரு வயது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் கால் ஓய்ந்துபோனது. அந்த நாளைப் பற்றி எனக்கு இன்னமும் எழுத வரவில்லை.

நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி கொழுந்தெடுப்பவள். நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் மகள் தனி. கக்கூசோ வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திகளின் மேல் முனையில், செங்குத்தான மண்படிகளில் ஏறிப் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காதான் தூக்கிப்போவார். தூக்கும்போதெல்லாம் பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று அவரே சொன்னார்.

பாத்திகளையே மாற்றி அமைக்கத் தீர்மானித்தேன். கொப்பித் தாளில் படம் போட்டேன். படிகளுக்குப் பதில் வளைந்து ஏறும் பாதை, இரு பக்கமும் லீக்ஸ், அவள் உட்கார்ந்தே பறிக்க அடுப்படியோரம் கீரை.  கோடு போடும்போது மனதில் எதுவுமே இல்லை.

சரிவு என்றால் மழைநீர் வடியக் கான் வெட்ட வேண்டும். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு அது கைப்பழக்கம். பாதையைப் போட்டதும் யோசிக்காமல் அதற்குக் குறுக்கே ஐந்து கான் வெட்டினேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், கங்காணி பாத்தா நாளைக்கே ஒங்களுக்குப் பேரு போட்டு கான் வெட்ட மலைக்கு அனுப்பிருவாரு."

மறுநாள் மகள் கம்பை ஊன்றி நடந்தாள். முதல் கானுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதைத் தாண்டக் கால் எழும்பவில்லை.

"வா, அப்பா தூக்குறேன்."

"தூக்காதீங்கப்பா. தூக்குறதுன்னா பழைய மண்படியே போதுமே."

வாசலில் நின்ற மனைவி கேட்டாள். "இது புள்ளைக்குப் போட்ட பாதையா, லீக்ஸுக்குப் போட்டதா? கானை மூடுங்க."

"மழைக்கு மண்ணெல்லாம் போயிரும்."

"போகட்டும்."

மூடினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் லீக்ஸ் பாத்தி பாதி சரிந்து வாசலுக்கு வந்துவிட்டது. அந்தச் சேற்றில் மகள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாள். பின்னால் போக எழுந்த என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். மேலே கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

நனைந்து திரும்பியவள், "மேல ஒரு எடம் வழுக்குதுப்பா, கல்லு போடணும்" என்றாள்.

"சரி" என்றேன்.