நான் போட்டுக்கொள்ளாத ஊசி

நான் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டதாக மனைவி மேரியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்றும் எங்கள் வீட்டில் உண்மையாக உலவுகிறது.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தைப்பவன் நான். நாள் முழுக்கக் கையில் கோணி ஊசிதான். சிரிக்காதீர்கள்... அது சாக்கைக் குத்தும் ஊசி! நர்சம்மா மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலே நான் வாசலைப் பார்த்து நடந்துவிடுவேன்.

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரில் முகாம் நடந்தபோது, "திண்டிவனத்துலயே போட்டுக்கினேன்" என்றேன். மண்டியில் கேட்டவர்களிடம் ஊரில் போட்டாயிற்று என்றேன்.

மேரிக்குச் சர்க்கரை நோய். அவளைத் துணியவைக்கத்தான் பொய் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை... எனக்காகத்தான் சொன்னேன்.

பொய் சொன்ன அன்று மாலை, காய்ச்சல்காரனைப் போலப் போர்த்திப் படுத்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள், "லேசா சுடுதுங்க" என்றாள். சுடவே இல்லை! அவள் அக்கறைக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. கேப்பைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தேன்.

"நீங்களே போட்டுக்கினீங்க, எனக்கின்னா பயம்?" என்று மறுவாரம் அவளும் போய்ப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வந்தது உண்மையான காய்ச்சல். விடியலில் நடுங்கிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

"படுத்துக்கோ மேரி."

"சும்மா இருங்க. நீங்க மறுநாளே வேலைக்குப் போவல? நான் மட்டும் படுத்துக்கினா நல்லாவா இருக்கும்?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? அவள் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் திண்டிவனம் ரயிலுக்கு நடந்தேன். என்ன மனிதன் நான்!

போன மாதம், மாசமாயிருக்கும் எங்கள் மகளுக்குக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி போடவேண்டியிருந்தது. அவளுக்கும் ஊசி என்றால் பயம்.

"ஒங்கப்பாவப் பாரு, ஊருக்கு முந்தி கைய நீட்டினாரு. அவரு கூடப் போ, ஒன்னும் ஆவாது" என்று மேரி அனுப்பிவைத்தாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் மகள் என் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

"உள்ள வாங்கப்பா. நீங்க கையப் புடிச்சிக்கினா போட்டுக்குவேன்."

திறந்த கதவுக்குள் நர்சம்மா தெரிந்தார்.

"ரயிலுக்கு நேரமாயிடுச்சும்மா..."

"இன்னாப்பா, இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை விட்டாள். "சரிப்பா, ஜல்தியா போங்க. ரயில் போயிடப் போவுது."

வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.

நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தேன். ரயில் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.