கார்டில் ஐந்தாவது வரி

புதிதாக அச்சாகி வரும் கார்டு கையில் வெதுவெதுப்பாக இருக்கும். புது ரெயின்கோட்டைப் பிரித்தால் வருமே, அப்படி ஒரு வாசனை. தஞ்சோங் பகாரில் என் முதல் வேலை அந்த வாசனையோடுதான் ஆரம்பித்தது.

கார்டைக் கொடுப்பது வங்கி. வங்கிக்கும் கடைக்கும் நடுவே பணம் ஓடுகிற பாதை எங்கள் நிறுவனத்துடையது. அப்போது எங்களுக்கு ஒரே கனவு... ஒரு சிப், அதற்குள் பல அறைகள். ஓர் அறையில் வங்கிக் கணக்கு, இன்னொன்றில் பஸ் கட்டணம், அடுத்தடுத்து கேன்டீன், நூலகம், மருத்துவமனைப் பதிவு. சிப் வைத்த கார்டு செலவு பிடிக்கும் என்று வங்கிகள் தயங்கின. அறைகளை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அதுதான் எங்கள் உத்தி.

வாடகைக்கு வருபவர்கள் கேட்டார்கள், எங்களுக்கு என்ன லாபம் என்று.

விளம்பரம்தான் லாபம் என்று பதில் எழுதியவள் நான். "கார்டைச் செருகும்போதெல்லாம், அதில் உள்ள எல்லா நிறுவனங்களின் பெயரும் இயந்திரத் திரையில் முழுமையாகத் தெரிய வேண்டும்." ஒரே வாக்கியம். மேலாளர் அதைக் கூட்டத்தில் இரண்டு முறை வாசித்தார். எனக்கு இருபத்து மூன்று வயது. அன்று எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு மேலே வேலை பார்த்தவர் நஸீர் அண்ணன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எல்லோருக்கும் சோதனைக் கார்டு கொடுத்து, சொந்த உபயோகத்துக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று மாதம் பஸ், கேன்டீன் என்று ஓடியது; அங்கே தட்டினாலே போதும், பெயர் காட்டும் திரை கிடையாது. பிறகு முதன்முதலாக ஒரு கடையில் செருகிப் பார்க்க வேண்டும். அண்ணன் யோசிக்கவே இல்லை. டன்லப் தெருவில் அவர் மனைவியின் அண்ணன் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்தார். சொந்தக்காரர் கடை என்றால் ஏதாவது சொதப்பினாலும் வெளியே தெரியாது என்றார்.

மதிய வெயிலில் நானும் அண்ணனும் போனோம். வாசல்வரை பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"என்ன மாப்ள, ஆபீஸயே கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"ஒரே கார்டு மச்சான், எல்லாத்துக்கும். ஒரு பெட்டி பில் போடுங்க."

"டிஸ்கவுண்ட் கேக்கக் கூடாது லா."

"தங்கச்சி புருஷனுக்கே இல்லையா?"

"தங்கச்சிக்குத்தான் டிஸ்கவுண்ட். உங்களுக்கு ஃபுல் ரேட்."

நான் சிரித்துக்கொண்டே அண்ணனின் கார்டை இயந்திரத்தில் செருகினேன். திரை கடைக்காரர் பக்கம். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எங்களுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"பேங்க்... பஸ்... கேன்டீன்... லைப்ரரியா? நீங்க புக்கெல்லாம் படிப்பீங்களா மாப்ள? அப்புறம்... கேன்சர் சென்..."

நிறுத்திவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"டெஸ்ட் கார்டு மச்சான்," என்றார் அண்ணன். "சும்மா டம்மியா ஏத்தியிருப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா... டம்மிதானே?"

டம்மி இல்லை. அந்தச் சிப்பில் நாங்கள் பொய்ப் பெயர் எதையும் ஏற்றவில்லை. மருத்துவமனையின் பெயர் ஏற வேண்டுமென்றால், கார்டுக்கு உரியவர் அங்கே நேரில் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஆமா" என்றேன். தாமதமாக வந்தது அந்த ஆமா.

கடைக்காரர் இயந்திரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"தங்கச்சிக்கு... ஃபாத்திமாவுக்குத் தெரியுமா?"

"ரிசல்ட் வியாழக்கிழமைதான் மச்சான். பாப்பாவுக்கு எக்ஸாம் நடக்குது. அது முடியட்டும்னு..."

"இன்னிக்கு மக்ரிப் தொழுகைக்குள்ள நீங்க சொல்லிடுங்க. அவ முகத்தப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

ஃபேரர் பார்க் ரயில் நிலையம்வரை நடந்தோம். மூன்று மாதமாக அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான், எதையும் கவனிக்கவில்லை. படி இறங்கும் முன், "அண்ணே, அந்த ரூல எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். சூப்பர்னு சொல்லி சைன் போட்டது யாரு? நான்தானே." முதல் படியில் கால் வைத்தபடி, "மாத்திடு" என்றார்.

மறுநாள் காலை மாற்றினேன். கடையில் செருகினால் கடைக்கு வேண்டிய பெயர் மட்டும் தெரிந்தால் போதும். அறைக்கு வாடகை தர வந்தவர்களில் இரண்டு நிறுவனங்கள் விலகிக்கொண்டன. பெயர் தெரியாத இடத்துக்கு ஏன் காசு என்றன. மேலாளர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஏன் மாற்றினேன் என்று அவரிடம் நான் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை அண்ணன் தனியாகப் போகவில்லை. மனைவி ஒருபுறம், கடையைப் பூட்டிவிட்டு வந்த மச்சான் மறுபுறம். முடிவு அவர் பயந்ததுதான். வருடங்கள் ஆகிவிட்டன. சிகிச்சை முடிந்து இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் நன்றாக இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா நல்லதாப் போச்சுன்னு மட்டும் எழுதிடாத. என் பொஞ்சாதிகிட்ட நான் சொல்ல வேண்டியது அது. அதுக்கு முன்னாடி அவ அண்ணன்கிட்ட மெஷின் சொல்லிடுச்சு."

அந்தப் பல அறைக் கார்டு பெரிதாக வரவே இல்லை. எல்லா அறைகளும் கைப்பேசிக்குள் குடிபோய்விட்டன. தெம்பனிஸ் கடையில் கைப்பேசியைத் தட்டினால் ஒரு சத்தம், திரையில் ஒரு டிக் குறி, அவ்வளவுதான். எந்தப் பெயரும் தெரிவதில்லை. வசதியாகத்தான் இருக்கிறது... எனக்கும்.

ஆனால் அன்று அந்தப் பட்டியல் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது வரிக்கு வந்ததும் அந்த மனிதர் வாசிப்பதை நிறுத்தினார். இன்று என் கைப்பேசிக்குள் இருக்கும் பட்டியலை எங்கோ, யாரோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வரியில் நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை.