பிரேக் குழாயில் வைத்த திரி

எங்கள் காருக்கு மழை ஆகாது. முன்சக்கரங்களின் டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மிதித்ததும் வண்டி நேராக நிற்காமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசிக் காலையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், எதிரே வந்த பேருந்தை நோக்கி அது எங்களை இழுத்துச் சென்றது. ஓட்டியவர் என் கணவர். பின்னிருக்கையில் எங்கள் ஆறு வயது மகள் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேருந்து ஓட்டுநர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் தப்பினோம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மகளும் அதே பள்ளியில் படித்தாள். அன்று பள்ளி வாசலில் இறங்கியதும், அங்கே நின்றிருந்த சக ஆசிரியைகள் இருவரின் காதுபட, "இனிமே பிள்ளைய இந்த வண்டியில ஏத்த மாட்டேன். ஒங்கள நம்பி ஏத்தவே மாட்டேன்" என்றேன். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் முதல் நானும் மகளும் பேருந்தில் போனோம்.

அவர் நூற்பாலையில் பராமரிப்பு ஃபிட்டர். தான் பழுதுபார்க்கக்கூடிய எதையும் பிறர் கையில் கொடுத்துப் பழகாதவர். மூன்று வாரம் அலைந்து, மதுரையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடமிருந்து, இதே காரின் பிந்தைய மாதிரிக்குரிய டிஸ்க் பிரேக்குகளைக் கொண்டுவந்தார். டிஸ்க் நனைந்தாலும் சட்டென்று உலர்ந்து பிடிக்கும் என்று மகளிடம் விளக்கினார். என்னிடம் அல்ல.

வேலை ஒரு சனிக்கிழமை தொடங்கியது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் வெளிமுனையில் கிண்ணம் போன்ற ஓர் இணைப்பு உண்டு. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுழற்சி தடைபடாமல் காப்பது அது. அவர் அதை ஜாயின்ட் என்பார். பழைய ஜாயின்ட்டின் பற்கள் புதிய டிஸ்க்கின் நடுத்துளையில் பொருந்தவில்லை. ஆகவே அதைத் தண்டிலிருந்து கழற்றிவிட்டு, டிஸ்க்கோடு வந்ததை மாட்ட வேண்டும். வலப்பக்கத்து ஜாயின்ட் ஒரு மணி நேரத்தில் கழன்றது. இடப்பக்கத்தது அசையவில்லை.

ரப்பர் உறையை அறுத்து, கரிய கிரீஸை வழித்தெடுத்து, கழற்றிய தண்டை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கினார். மறுமுனையை நான் தாங்கிப் பிடித்தேன். உள்ளே ஒளிந்திருக்கும் சிறு கம்பி வளையம் விட்டுக்கொடுக்கும்வரை, ஜாயின்ட்டின்மேல் ஒரு பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் என் முழங்கைவரை ஏறியது. அவர் விரல்முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பஸ்காரன் விட்டுவச்ச வண்டிய நீங்களே நொறுக்கிருவிய போலிருக்கே?"

"பாதி நொறுக்கியாச்சு. மீதிக்கு ஒம்ம கூப்பிடுதேன், இரும்" என்றார் என் கணவர். குரலில் சிரிப்பில்லை.

காரின் அடியில், அந்த இடப்பக்கத்தில் கழற்றிவிடப்பட்ட பிரேக் குழாயின் முனையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மில் கழிவான நூலும் பஞ்சும் வீட்டுக்கு வீடு கிடக்கும், வேஸ்ட் என்போம். துடைப்பதற்கும் அடைப்பதற்கும் கை முதலில் போவது அதனிடம்தான். நானும் ஒரு பிடி எடுத்து, விளக்குக்குத் திரிக்கிற பழக்கத்தில் முனை கூராகத் திரித்து, குழாய்க்குள் செருகினேன். சொட்டு நின்றது. அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மேல் ஓர் அடியில் ஜாயின்ட் தெறித்து விழுந்தது. "விட்டுருச்சு ஏட்டி!" என்று கூவினார். மூன்று வாரங்களில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அப்போதுதான். அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தது. குழாயை இணைக்கும் முன் திரியை உருவி எறிந்தேன். பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்ற நான் இருக்கையில் அமர்ந்து மிதிக்க, அவர் கீழே படுத்துக்கொண்டு, "அமுக்கு, அப்படியே புடி" என்றார். பிறகு, "இந்த எடப்பக்கம் எண்ண கொஞ்சம் மெதுவா வருது. காத்து இருக்கும், போயிரும்" என்றார். வண்டியைத் தெருவில் இருமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். நின்றது.

பொழுது சாயும் வேளையில் வேஸ்ட்டைக் கூட்டி அள்ளியபோது அந்தத் திரி கண்ணில் பட்டது. நான் கூராகத் திரித்த முனை அதில் இல்லை. பிய்ந்து, நார் நாராக இருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் கிணற்றடியில் கைகளைத் தேய்த்துக் கழுவியபடி மகளிடம் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். முனை தரையில் எங்கேனும் உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரையில் தேடவும் தேடினேன், கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை மகள் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்திருந்தாள். "செண்பகத்தோப்பு வரைக்கும் போயிட்டு வாரோம். ஓடைத் தண்ணியில நனைச்சுப் பாக்கணும்" என்று சாவியைத் திருப்பினார். நான் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கி இறக்கினேன்.

அவர் முகம் இறுகியது. "இன்னும் நம்பலயா?"

"நம்பாதது ஒங்களையில்ல. கொழாய்க்குள்ள நான் வேஸ்ட்ட அடைச்சிருந்தேன். முனை பிஞ்சு உள்ளயே இருக்கு போல."

அவர் எஞ்சினை அணைத்தார். சக்கரத்தைக் கழற்றி, குழாயை அவிழ்த்து, மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து உள்ளே விட்டார். எண்ணெயில் ஊறிய நூல், நகக்கண் அளவு, கம்பியைப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

அவர் நூலை உதறிவிட்டுக் குழாயை மீண்டும் இணைத்தார். என்னை மிதிக்கச் சொன்னார். இம்முறை எண்ணெய் தடையின்றி வந்தது. பிறகு தனியாகப் போய், நீரில் இறக்கி, சக்கரங்கள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். பிள்ளையை அழைக்கவில்லை. பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நானே அவளைக் கூட்டிவந்து ஏற்றினேன்.

திங்களன்று மழை. பள்ளி வாசலில் வண்டி நேராக, அசையாமல் நின்றது. அதே ஆசிரியைகள் இருவரும் குடை பிடித்து நின்றிருந்தார்கள். "என்ன, வண்டியில ஏத்த மாட்டேன்னீங்களே?" என்றார் ஒருவர். "இப்ப நல்லா நிக்கி" என்றேன். அவரை நம்ப மாட்டேன் என்று இவர்கள் முன் சொன்னவள், திரி வைத்தது நான்தான் என்பதையும் இவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். என் கணவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றாமல், நனைந்தபடியே, செத்த நேரம் காத்திருந்தார். மணி அடித்தது. நான் அதைச் சொல்லாமலே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.