தோளில் பதிந்த நீள்சதுரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் எங்கள் துறையடி. அக்காவின் கணவர் வீச்சுவலைக்காரர்; நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வலை வீசி வீசி வலது தோள் நோவெடுத்து, சோற்றுக் கோப்பையைக்கூட இடது கையால் தூக்கினார். கட்டாரிலிருந்து வந்த ஒருவர் தந்த நோவுப் பிளாஸ்டர் இரண்டு என்னிடம் இருந்தன. ஒன்றை நானே அவர் தோளில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் வந்து நின்றார். "எரியுது மச்சான், கழட்டவா?"

"எரிஞ்சாத்தான் மருந்து இறங்குது எண்டு அர்த்தம். கெளிறு மீன் முள்ளுக் குத்தியும் வலைய விடாத ஆள், இதுக்கு அழுறீங்களே. அக்காட்டச் சொல்லட்டா?"

சிரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் உரித்தபோது, பிளாஸ்டர் இருந்த இடம் மட்டும் அளவெடுத்தது போல் சிவந்து, கொப்புளித்து, கன்றிக் கிடந்தது.

அன்று பகலே துறையடியில் இராணுவச் சோதனை. அந்த நாட்களில் ஆண்களின் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்ப்பார்கள், துவக்குச் சுடும்போது அதன் பின்புறம் இடித்த அடையாளம் இருக்கிறதா என்று; இருந்தால் போராளி என்று பிடிப்பார்கள். மச்சானை வரிசையிலிருந்து இழுத்தார்கள். பிளாஸ்டர், பிளாஸ்டர் என்று கெஞ்சினேன். வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன்.

ஓரளவு தமிழ் தெரிந்த சிப்பாய் அதை மணந்து பார்த்தான். "சரி. நீ ஒட்டு. பாப்பம்."

ஒட்டிக்கொண்டு வெயிலில் குந்தியிருந்தேன். என் உடம்பிடம் அப்படி நான் எதையும் இரந்ததில்லை. எரி. சிவந்து போ. ஒரு கொப்புளமாவது எழும்பு. அதுவோ குளிர்ந்தது, பிறகு இதமாக இருந்தது. பின்னேரம் அவன் உரித்தான். குழந்தையின் தோல் போல ஒரு தோல்.

"உனக்கு ஒண்டும் இல்லதானே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். "நீ வீட்ட போ. வலைய நிழல்ல காயப் போடச் சொல்லு அக்காட்ட." ட்ரக்கில் ஏற்றினார்கள்.

பதினான்கு மாதம் கழித்துத்தான் அவரை வெளியே விட்டார்கள். பிளாஸ்டர் பட்ட இடம் ஆறியிருந்தது. வேறு இடங்கள் ஆறவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

பிறகொரு டாக்டர் சொன்னார்: சில தோலுக்குச் சில மருந்து ஒத்துக்கொள்ளாது, எரிந்தால் உடனே கழற்ற வேண்டும், ஒருவருக்கு ஒன்றும் செய்யாதது மற்றவரைப் புண்ணாக்கும். அவ்வளவுதான் விஷயம்.

என் தோலை வைத்து மச்சானின் தோலை அளந்த அந்தச் சிப்பாயை வெறுப்பது எனக்குச் சுலபம். ஆனால் எரியுது என்று அவர் சொன்னதை முதலில் சிரித்துத் தள்ளியவன் நான்.